புகையைத் துடைத்தால் ஜெனரேட்டர் சரியாகுமா?

(நமது சங்கத்தின் உடல்நல விழிப்புணர்வுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். கூட்டத்தில் கேட்கப்பட்ட சில கேள்விகளும் பதில்களும் கடைசியில் உள்ளன.)



இன்று நான் பேசப்போவது பரம்பரையாக வரும் நரம்புத் தேய்வு நோய்களைப் பற்றி. குறிப்பாக, அந்த நோய்களுக்கு ‘ஆன்டிஆக்ஸிடன்ட்’ மாத்திரைகள் உதவுமா என்பதைப் பற்றி. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் டாக்டர் இல்லை. பி.காம். படித்துவிட்டு வங்கியில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன். எங்கள் உறவில் ஒரு பையனுக்கு இந்த வகை நோய் இருக்கிறது. அதனால் சில வருடங்களாக இதைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். புரியாததை அவனைப் பார்க்கும் நரம்பியல் டாக்டரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். அதை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

சொல்ல வேண்டியதைச் சுருக்கமாக முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரே வைட்டமின் மாத்திரை ஒரு நோயில் பிள்ளையின் காலையும் கையையும் காப்பாற்றுகிறது. வெளியில் பார்க்க அச்சு அசலாக அதே மாதிரி இருக்கும் இன்னொரு நோயில் அதனால் பெரிய பலன் எதுவும் நிரூபணமாகவில்லை. நம் பிள்ளைக்கு இருப்பது எது என்று மாத்திரை டப்பாவைப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது. ரத்தப் பரிசோதனையும் மரபணுப் பரிசோதனையும்தான் சொல்லும். இந்த வித்தியாசம் தெரியாமல் போனால் பணம் வீணாவது மட்டுமில்லை, காலமும் வீணாகிறது. காலம்தான் இதில் பெரிய நஷ்டம்.

செல்லுக்குள் ஒரு ஜெனரேட்டர்

நம் குடியிருப்பில் கரண்ட் போனால் என்ன ஆகிறது? லிஃப்ட் நிற்கிறது, தண்ணீர் மோட்டார் நிற்கிறது. கீழே ஜெனரேட்டர் ஓட ஆரம்பித்ததும்தான் மூச்சு வருகிறது. நம் உடம்பிலும் ஏறக்குறைய எல்லாச் செல்லுக்குள்ளும் இப்படிப்பட்ட ஜெனரேட்டர்கள் இருக்கின்றன. அவற்றுக்குப் பெயர் மைட்டோகாண்ட்ரியா. ஒரே செல்லில் நூற்றுக்கணக்கில், சிலவற்றில் ஆயிரக்கணக்கில் இருக்கும். நாம் சாப்பிடும் சாப்பாட்டையும் இழுக்கும் மூச்சுக்காற்றையும் வைத்து, செல்லுக்கு வேண்டிய சக்தியைத் தயாரிப்பது இவைதான்.

எப்படித் தயாரிக்கின்றன? உணவிலிருந்து வரும் எலக்ட்ரான்களை ஒன்றிடமிருந்து ஒன்று கைமாற்றி, கடைசியில் ஆக்ஸிஜனிடம் ஒப்படைக்கின்றன. தீப்பிடித்த இடத்தில் வரிசையாக நின்று வாளி வாளியாகத் தண்ணீர் கை மாற்றுவார்களே, அது மாதிரி. அந்த வரிசையில் நிற்கும் ஆட்களில் ஒன்றுதான் கோ-என்சைம் க்யூ10. 1957-ல் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஃப்ரெடெரிக் கிரேன் என்பவர் மாட்டின் இதயத்திலிருந்து இதைப் பிரித்தெடுத்தார். இன்று மருந்துக் கடையில் மாத்திரையாக விற்பதும் இதே பொருள்தான்.

வாளி கை மாறும்போது கொஞ்சம் தண்ணீர் கீழே சிந்தும். அதே மாதிரி சில எலக்ட்ரான்கள் வழியில் சிந்தி, ஆக்ஸிஜனோடு தப்பான இடத்தில் சேர்ந்துவிடும். அப்படி உண்டாகும் பொருள்களில் பல, ‘ஃப்ரீ ராடிகல்’ என்ற வகையைச் சேர்ந்தவை. ஜெனரேட்டர் விடும் புகை என்று வைத்துக்கொள்ளுங்கள். புகை கொஞ்சமாக இருந்தால் செல் தானே துடைத்துக்கொள்ளும். அதற்கென்று உடம்பிலேயே என்சைம்கள் இருக்கின்றன, சாப்பாட்டில் வரும் வைட்டமின் ஈ இருக்கிறது. இப்படிப் புகை துடைக்கும் பொருள்களுக்குப் பொதுப்பெயர்தான் ஆன்டிஆக்ஸிடன்ட்.

மைட்டோகாண்ட்ரியா பழுதானால் முதலில் அடி வாங்குவது அதிக சக்தி செலவழிக்கும் உறுப்புகள். நரம்பு, மூளை, இதயம், கண் நரம்பு. லோ வோல்டேஜ் வந்தால் வீட்டில் எல்.இ.டி. பல்பு எரியும், ஏசி ஓடாது. அந்தக் கதைதான்.

ஃப்ரீட்ரைக் அட்டாக்ஸியா

இந்த வகையில் உலகத்தில் அதிகம் ஆராயப்பட்ட நோய்களில் ஒன்றைச் சொல்கிறேன். ஜெர்மனியின் ஹைடல்பெர்க் நகரில் இருந்த நிக்கோலாஸ் ஃப்ரீட்ரைக் என்ற மருத்துவர் 1863-ல் முதன்முதலில் விவரித்த நோய். அவர் பெயராலேயே ஃப்ரீட்ரைக் அட்டாக்ஸியா என்கிறார்கள். அட்டாக்ஸியா என்றால் தள்ளாட்டம்.

பெரும்பாலும் 5 வயதிலிருந்து 15 வயதுக்குள் ஆரம்பிக்கும். நன்றாக ஓடிக்கொண்டிருந்த பிள்ளை நடக்கும்போது தடுமாறும், கண்ணை மூடி நிற்கச் சொன்னால் சாயும். பள்ளியில் ‘கவனமில்லாத பையன்’ என்பார்கள். பிறகு கையெழுத்து மாறும், பேச்சு குழறும், முதுகு வளையும், பாதம் குழிந்து வளையும். பல வருடங்களில் சக்கர நாற்காலி தேவைப்படும். முட்டியில் தட்டினால் கால் உதறுமே, அது இவர்களில் பெரும்பாலோருக்கு இருக்காது. அறிவுக்குக் குறை வராது. ஆனால் இதயத் தசை தடிக்கும். சிலருக்குச் சர்க்கரை நோயும் வரும். இந்த நோயில் உயிருக்கு ஆபத்து பெரும்பாலும் இதயத்தின் வழியாகத்தான் வருகிறது. இதை நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

இதற்குக் காரணமான மரபணுவை 1996-ல் கண்டுபிடித்தார்கள். 9-ஆவது குரோமோசோமில் இருக்கிறது. அது தயாரிக்கும் புரதத்துக்கு ஃப்ராடாக்ஸின் என்று பெயர். மைட்டோகாண்ட்ரியாவுக்குள் இரும்பும் கந்தகமும் சேர்ந்த சின்னச் சின்னப் பாகங்கள் உண்டு. எலக்ட்ரான் கை மாறுவதற்கு அவை வேண்டும். அவற்றைப் பூட்டித் தருவதற்கு உதவுவதுதான் ஃப்ராடாக்ஸினின் வேலை. இந்த நோயாளிகளின் மரபணுவில் ஒரு சிறு பகுதி, ஒரே வார்த்தையைத் திரும்பத் திரும்ப எழுதியது போல, நூற்றுக்கணக்கான தடவை நீண்டுபோயிருக்கும். அதனால் ஃப்ராடாக்ஸின் உற்பத்தி மிகவும் குறைந்துவிடுகிறது. பாகங்கள் சரியாக வராததால் ஜெனரேட்டர் தடுமாறுகிறது.

பரம்பரை என்றதும் ‘எங்கள் வம்சத்தில் யாருக்கும் இல்லையே’ என்பார்கள். இதை வங்கிக் கணக்கு மாதிரி பார்க்கலாம். ‘ஐதர் ஆர் சர்வைவர்’ கணக்கில் இரண்டு பேரில் ஒருவர் கையெழுத்துப் போட்டாலே பணம் எடுக்கலாம். ஒவ்வொரு மரபணுவும் நமக்கு அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று என்று இரண்டு வருகின்றன. ஃப்ரீட்ரைக் நோயில் ஒன்று நன்றாக இருந்தாலே வேலை நடந்துவிடும். அதனால் ஒரே ஒரு பழுது உள்ள அப்பாவுக்கும் அம்மாவுக்கும் எந்தக் குறையும் தெரியாது. இருவரிடமும் பழுது இருந்தால், பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் இரண்டு பழுதும் சேர்ந்து வருவதற்கு நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. தலைமுறை தலைமுறையாக மறைந்தே வந்து, திடீரென்று ஒரு வீட்டில் தெரியும்.

தியரி நன்றாகத்தான் இருந்தது

ஃப்ரீ ராடிகல்தான் உடம்பை மூப்படையச் செய்கிறது என்ற கருத்தை டென்ஹாம் ஹார்மன் என்ற அமெரிக்க விஞ்ஞானி 1956-லேயே எழுதினார். ஆகவே ஃப்ராடாக்ஸின் விஷயம் தெரிந்தவுடன் எல்லோருக்கும் தோன்றியது ஒன்றுதான்: ஜெனரேட்டர் அதிகம் புகைகிறது, புகையைத் துடைக்கும் மருந்தைக் கொடுப்போம். கோ-என்சைம் க்யூ10-ஐப் போலவே செயற்கையாகச் செய்யப்பட்ட ஐடிபெனோன் என்ற மருந்து கையில் இருந்தது.

1999-ல் பாரிஸில் பியர் ருஸ்தான் குழுவினர் மூன்றே மூன்று நோயாளிகளுக்கு அதைக் கொடுத்துப் பார்த்தார்கள். தடித்திருந்த இதயச் சுவர் குறைந்தது. உலகம் முழுக்க நம்பிக்கை பிறந்தது. பிறகு அமெரிக்காவில் 48 இளம் நோயாளிகளிடம் ஆறு மாதம் சோதித்து 2007-ல் வெளியிட்டார்கள். அதிக அளவு சாப்பிட்டவர்களுக்கு நரம்பு மதிப்பெண்ணில் கொஞ்சம் முன்னேற்றம் போலத் தெரிந்தது. 2008-ல் கனடா அரசு, மேற்கொண்டு நிரூபிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு மருந்துக்கு அனுமதி கொடுத்தது.

ஒரு கிளையின் ஒரு நாள் கணக்கு டாலி ஆகிவிட்டது என்பதற்காக வருடக் கணக்கு சரி என்று யாரும் கையெழுத்துப் போட மாட்டார்கள். பெரிய சோதனை வேண்டும். ஐரோப்பாவில் 232 பேரிடம் ஒரு வருடம் நடந்தது. அமெரிக்காவில் 70 பிள்ளைகளிடம் ஆறு மாதம் நடந்தது. இரண்டிலுமே பாதிப் பேருக்கோ ஒரு பகுதியினருக்கோ மருந்தே இல்லாத வெற்று மாத்திரை கொடுப்பார்கள். யாருக்கு எது என்பது பிள்ளைக்கும் தெரியாது, பரிசோதிக்கும் டாக்டருக்கும் தெரியாது. ஐரோப்பிய முடிவு 2010-ல் தெரிந்தது, அமெரிக்க முடிவும் 2010-ல் வெளியானது. மருந்து சாப்பிட்டவர்களுக்கும் வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் நம்பத்தக்க வித்தியாசம் இல்லை. நிபந்தனை நிறைவேறாததால் 2013-ல் கனடாவில் மருந்து திரும்பப் பெறப்பட்டது.

அமெரிக்கச் சோதனையில் ஒரு விஷயம் என்னை யோசிக்க வைத்தது. மருந்து சாப்பிட்ட பிள்ளைகளுக்கு மதிப்பெண் கொஞ்சம் கூடியது. வெற்று மாத்திரை சாப்பிட்ட பிள்ளைகளுக்கும் கூடியது! ஏன்? பிள்ளைக்குப் பரிசோதனை பழகிவிடுகிறது. நம்பிக்கை வருகிறது. வீட்டில் கவனிப்பு கூடுகிறது. ‘இந்த மாத்திரை சாப்பிட்டதும் எங்கள் பிள்ளை தெம்பாக இருக்கிறான்’ என்று ஒரு தாய் சொன்னால் அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் அது மாத்திரையின் வேலையா என்பதை அந்த ஒரு வீட்டை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது.

ஹன்டிங்டன் நோயில் நடந்தது

இதே கதை இன்னொரு பரம்பரை நோயிலும் நடந்தது. ஹன்டிங்டன் நோய் பெரும்பாலும் நடுத்தர வயதில் வரும். கை கால் தன்னிச்சையாக அசையும், மனநிலை மாறும், ஞாபகம் குறையும். இதில் ஒரே ஒரு பழுதான மரபணு போதும். பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வருவதற்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. மரபணு 1993-ல் கண்டுபிடிக்கப்பட்டது. இங்கும் மைட்டோகாண்ட்ரியா பாதிக்கப்படுவதாகத் தெரிந்ததால் கோ-என்சைம் க்யூ10 கொடுத்துப் பார்த்தார்கள்.

2001-ல் வெளியான முதல் சோதனையில் 347 பேர், 30 மாதம். நோயின் வேகம் சுமார் 13 சதவீதம் குறைந்தது போலத் தெரிந்தது. ஆனால் அது தற்செயலாகவும் இருக்கலாம் என்ற அளவில்தான் இருந்தது. எனவே மருந்தின் அளவை நான்கு மடங்காக்கி, தினம் 2,400 மில்லிகிராம், 609 பேர், ஐந்து வருடம் என்று திட்டமிட்டு இரண்டாவது சோதனையைத் தொடங்கினார்கள். அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா மூன்று நாட்டிலும் நடந்தது. 2014-ல் இடையில் கணக்கைப் பார்த்தபோது, தொடர்ந்து நடத்தினாலும் பலன் தெரியப் போவதில்லை என்று நிறுத்திவிட்டார்கள்.

சோதனைக்கு வந்த அந்த 609 பேரும் அவர்கள் குடும்பங்களும் நமக்குச் செய்தது பெரிய உதவி. நாம் ஆயிரக்கணக்கில் செலவழித்துத் தெரிந்துகொள்ள வேண்டியதை அவர்கள் தங்கள் உடம்பை வைத்துத் தெரியப்படுத்திவிட்டார்கள்.

ஏன் பலிக்கவில்லை?

ஆராய்ச்சியாளர்கள் சொல்லும் காரணங்களை எனக்குப் புரிந்த வரையில் சொல்கிறேன்.

முதலாவது, புகை நோயின் காரணமா, விளைவா என்ற கேள்வி. ஜெனரேட்டரின் உள்ளே பாகம் உடைந்திருக்கும்போது வெளியே உள்ள கரியைத் துணியால் துடைத்தால் சுவர் சுத்தமாகலாம், பாகம் சேராது. பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பூர் நகரில், ஃப்ராடாக்ஸின் இல்லாத எலிகளிடம் ஃப்ரீ ராடிகலைக் குறைத்துப் பார்த்து 2005-ல் முடிவு வெளியிட்டார்கள். எலிகளின் இதய நோய் அப்படியேதான் இருந்தது.

இரண்டாவது, வாயில் போட்ட மாத்திரை குடல், ஈரல், ரத்தம் எல்லாம் தாண்டி, மூளைக்கும் ரத்தத்துக்கும் நடுவே இருக்கும் தடுப்பைக் கடந்து, நரம்புச் செல்லுக்குள் நுழைந்து, அதற்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியாவையும் போய்ச் சேர வேண்டும். கோ-என்சைம் க்யூ10 கொழுப்பில் மட்டும் கரையும் பெரிய மூலக்கூறு. குடலிலேயே கொஞ்சம்தான் உறிஞ்சப்படுகிறது.

மூன்றாவது, நோய் வெளியில் தெரியும்போதே சில நரம்புச் செல்கள் போயிருக்கும். போன செல்லுக்கு மாத்திரை உயிர் கொடுக்காது.

இதே மாத்திரை காப்பாற்றும் இடம்

இதுவரை கேட்டவர்கள், ‘அப்படியானால் எல்லாம் ஏமாற்று வேலை’ என்று முடிவு கட்டிவிட வேண்டாம். இனிமேல் சொல்வதுதான் முக்கியம்.

ஃப்ரீட்ரைக் அட்டாக்ஸியா போலவே இன்னொரு நோய் இருக்கிறது. அதே வயது, அதே தள்ளாட்டம், முட்டியில் தட்டினால் அதே போலக் கால் உதறாது. அனுபவமுள்ள டாக்டரே பார்வையில் மட்டும் பிரித்துச் சொல்வது கஷ்டம். அதன் பெயர் வைட்டமின் ஈ குறைபாட்டு அட்டாக்ஸியா. துனீசியா போன்ற வட ஆப்பிரிக்க நாடுகளில் அதிகம் காணப்பட்டது.

நாம் சாப்பிடும் வைட்டமின் ஈ ஈரலுக்கு வந்து சேர்கிறது. அங்கே ஒரு புரதம் அதை எடுத்து ரத்தத்துக்குள் அனுப்பிவைக்கிறது. குடோனில் சரக்கை எடுத்து லாரியில் ஏற்றும் ஆள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த நோயில் அந்த ஆள் வேலைக்கு வருவதில்லை. சாப்பாட்டில் வைட்டமின் இருக்கிறது, குடோனுக்கும் வருகிறது, ஆனால் நரம்புக்குப் போய்ச் சேருவதில்லை. அந்த மரபணுவை 1995-ல் கண்டுபிடித்தார்கள். டாக்டர் மேற்பார்வையில் அதிக அளவு வைட்டமின் ஈ வாழ்நாள் முழுக்கக் கொடுத்தால் ரத்தத்தில் அதன் அளவு கூடி, நோய் அங்கேயே நிற்கிறது. சிலருக்குக் கொஞ்சம் குணமும் தெரிகிறது. இதே பழுது உள்ள தம்பி தங்கைகளை நோய் தெரியும் முன்பே கண்டுபிடித்துக் கொடுத்தால் நோய் வராமலே தடுக்க முடிகிறது. தாமதமானால், இழந்தது முழுக்கத் திரும்புவதில்லை.

இரண்டு பிள்ளைகளும் ஒரே மாதிரிதான் தள்ளாடுகிறார்கள். ஒரு பிள்ளைக்கு வைட்டமின் ஈ உயிர்மருந்து, இன்னொரு பிள்ளைக்கு அது நோயை நிறுத்தாது. முதல் பிள்ளைக்கு இல்லாதது வைட்டமின், அதைக் கொடுத்தோம், கணக்கு நேரானது. இரண்டாவது பிள்ளைக்கு இல்லாதது ஃப்ராடாக்ஸின். பற்று ஒரு கணக்கில் இருக்க, வரவை வேறொரு கணக்கில் போட்டால் எப்படி நேராகும்?

அதேபோல, உடம்பே கோ-என்சைம் க்யூ10 தயாரிக்க முடியாத அபூர்வமான பரம்பரைக் குறைபாடுகளும் உண்டு. அவர்களில் சிலருக்கு அந்த மாத்திரை உண்மையாகவே உதவுகிறது. இங்கேயும் விஷயம் அதேதான். குறைவது எதுவோ அதைக் கொடுத்தால் பலன்.

புதிய மருந்து

ஃப்ரீட்ரைக் நோய்க்கு ஒன்றுமே இல்லையா என்றால், ஒரு கதவு திறந்திருக்கிறது. ஓமாவெலாக்ஸோலோன் என்ற மருந்துக்கு அமெரிக்க எஃப்.டி.ஏ. 2023 பிப்ரவரி 28 அன்று அனுமதி கொடுத்தது, 16 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு. இந்த நோய்க்கென்று அங்கே அனுமதி பெற்ற முதல் மருந்து இது. 2024-ல் ஐரோப்பாவும் அனுமதித்தது. இது புகையைத் துடைக்கும் துணி அல்ல. செல்லுக்குள்ளேயே இருக்கும் பாதுகாப்பு ஏற்பாடுகளை முடுக்கிவிடும் சுவிட்ச் போன்ற ஒரு புரதத்தைத் தூண்டுகிறது. 103 பேர் கலந்துகொண்ட 48 வாரச் சோதனையில், வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களைவிட மருந்து சாப்பிட்டவர்களின் நரம்பு மதிப்பெண் 2.4 புள்ளி நன்றாக இருந்தது.

இது குணமாக்கும் மருந்தல்ல, வேகத்தைக் குறைக்கும் மருந்து. ஈரல் என்சைம் கூடலாம் என்பதால் ரத்தப் பரிசோதனை செய்துகொண்டே இருக்க வேண்டும். அமெரிக்காவில் அறிமுகமானபோது ஒரு வருடத்துக்கு 3,70,000 டாலர் விலை. நம் பணத்தில் 3 கோடிக்கு மேல். சாதாரணக் குடும்பம் தொட முடியாத விலைதான். ஆனாலும் பிள்ளைக்கு இருப்பது இந்த நோய்தான் என்று மரபணு அறிக்கை கையில் இருந்தால்தான், நாளை இந்த மருந்தோ இதைவிட நல்ல மருந்தோ விலை குறைந்து வரும்போது, அல்லது புதிய சோதனைக்கு ஆள் எடுக்கும்போது, நம் பிள்ளை அந்த வரிசையில் நிற்க முடியும்.

எங்கள் வீட்டுப் பையன்

எங்கள் உறவுப் பையனுக்குப் பதினோரு வயதில் தள்ளாட்டம் ஆரம்பித்தது. நரம்புக்கு நல்லது என்று ஒரு விற்பனையாளர் சொல்லி, க்யூ10, வைட்டமின் ஈ, இன்னும் இரண்டு கேப்ஸ்யூல் என்று மாதம் 6,000 ரூபாய்க்கு மேல் போனது. அவன் அப்பா சின்னக் கம்பெனியில் வேலை பார்ப்பவர். கையைக் கடித்ததால் பிசியோதெரபியை நிறுத்தினார்கள். இதயத்துக்கு எக்கோ எடுக்கச் சொன்னது ‘அடுத்த மாதம், அடுத்த மாதம்’ என்று தள்ளிப்போனது. அந்தப் பெற்றோரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. கண் முன்னால் பிள்ளை தடுமாறும்போது யார் எதைச் சொன்னாலும் வாங்கத்தான் தோன்றும்.

பிறகு பார்த்த நரம்பியல் டாக்டர் மூன்று வேலை செய்தார். ரத்தத்தில் வைட்டமின் ஈ அளவு பார்த்தார். சரியாக இருந்தது. மரபணுப் பரிசோதனையில் ஃப்ரீட்ரைக் என்று உறுதியானது. எக்கோ எடுத்தபோது இதயச் சுவர் தடித்திருந்தது, அதற்கான சிகிச்சை ஆரம்பமானது. கேப்ஸ்யூலுக்குப் போன பணம் இப்போது பிசியோதெரபிக்குப் போகிறது. பையன் பிளஸ் டூ படிக்கிறான். நடக்க வாக்கர் வேண்டும். செஸ்ஸில் என்னைத் தோற்கடிக்க எதுவும் வேண்டாம்.

நாம் செய்யக்கூடியவை

யார் வீட்டிலாவது, சொந்தத்திலாவது இளம் வயதில் காரணம் தெரியாத தள்ளாட்டம் இருந்தால் இவற்றைச் சொல்லுங்கள்.

1. நரம்பியல் டாக்டரிடம் காட்டி, ரத்தத்தில் வைட்டமின் ஈ அளவு பார்க்க வேண்டுமா என்று கேளுங்கள். மாத்திரை ஆரம்பிக்கும் முன்பே கேளுங்கள். மாத்திரை சாப்பிட்ட பிறகு அளவு கூடிவிடும், உண்மை மறைந்துவிடும்.

2. மரபணுப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். அறிக்கையைப் பத்திரமாக வையுங்கள்.

3. ஃப்ரீட்ரைக் என்று தெரிந்தால் எக்கோ, ஈ.சி.ஜி., சர்க்கரைப் பரிசோதனை, முதுகு வளைவு இவற்றைக் குறித்த காலத்தில் பாருங்கள். பிசியோதெரபியையும் பேச்சுப் பயிற்சியையும் நிறுத்தாதீர்கள்.

4. தம்பி தங்கை, கல்யாண வயதில் இருக்கும் நெருங்கிய உறவினர் ஆகியோர் மரபணு ஆலோசனை பெறட்டும்.

5. ஊனம் 40 சதவீதமும் அதற்கு மேலும் என்றால் மாற்றுத்திறனாளி சான்றிதழும் அடையாள அட்டையும் வாங்குங்கள். பழைய வரி முறையில் இருப்பவர்களுக்கு, தங்களைச் சார்ந்திருக்கும் மாற்றுத்திறனாளிக்காக வருமான வரியில் 75,000 ரூபாய் கழிவு உண்டு. 80 சதவீதமும் அதற்கு மேலும் என்றால் 1,25,000 ரூபாய். பலர் இதைக் கேட்பதே இல்லை. படிவம் நிரப்ப உதவி வேண்டுமென்றால் மாலை நேரத்தில் என் வீட்டுக் கதவைத் தட்டலாம்.

6. யாராவது மாத்திரை விற்க வந்தால் மூன்று கேள்வி கேளுங்கள். என் பிள்ளைக்கு இருக்கும் இதே நோயில் சோதித்தார்களா? எத்தனை பேரிடம்? வெற்று மாத்திரையோடு ஒப்பிட்டார்களா? டப்பாவையும் திருப்பிப் பாருங்கள். உணவுத் துணைப்பொருளாக விற்பவற்றில், மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல என்று சின்ன எழுத்தில் போட்டிருப்பார்கள். அவர்களே எழுதிக் கொடுப்பதை நாம் படிக்காமல் இருக்கலாமா?

கூட்டத்தில் கேட்ட கேள்விகள்

ஏ பிளாக் அம்மா ஒருவர்: “என் வீட்டுக்காரருக்குப் பார்க்கின்சன். க்யூ10 நல்லது என்கிறார்களே?”

அதையும் பார்த்திருக்கிறார்கள், அம்மா. 2002-ல் 80 பேரிடம் நடந்த சோதனையில் நம்பிக்கை தெரிந்தது. பிறகு 600 பேரிடம் செய்தபோது பலன் இல்லை என்று நிறுத்திவிட்டார்கள். முடிவு 2014-ல் வெளியானது. டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரையை நேரம் தவறாமல் கொடுங்கள், தினம் நடக்க வையுங்கள். ஏற்கெனவே க்யூ10 கொடுத்துக்கொண்டிருந்தால் அதை டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

சி பிளாக் நண்பர்: “நோய் எதுவும் இல்லை சார். சும்மா தினம் ஒரு வைட்டமின் ஈ போடுகிறேன். கெடுதல் இல்லையே?”

கெடுதலே இல்லை என்று சொல்ல முடியாது, சார். அமெரிக்காவிலும் கனடாவிலும் 35,000-க்கு மேற்பட்ட ஆண்களிடம் நடந்த சோதனையில், தினம் அதிக அளவு வைட்டமின் ஈ சாப்பிட்டவர்களுக்கு ப்ராஸ்டேட் புற்றுநோய் 17 சதவீதம் கூடியதாக 2011-ல் சொன்னார்கள். ஃபின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்களுக்கு பீட்டா கரோட்டின் கொடுத்ததில் நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் கூடியது. அந்த முடிவு 1994-ல் வந்தது. ரத்தம் உறையாமல் இருக்க மருந்து சாப்பிடுகிறவர்கள் அதிக அளவு வைட்டமின் ஈ சாப்பிட்டால் ரத்தக்கசிவு வரலாம். கடலையிலும் பாதாமிலும் சமையல் எண்ணெயிலும் வருவது வேறு, மாத்திரையில் மொத்தமாக வருவது வேறு. உங்கள் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

பி பிளாக் இளம் தாய்: “நாங்கள் சொந்தத்தில் கல்யாணம் பண்ணிக்கொண்டவர்கள். பயப்பட வேண்டுமா, அங்கிள்?”

பயம் வேண்டாம், அம்மா. கேட்டுத் தெரிந்துகொண்டால் போதும். இருவருக்கும் ஒரே தாத்தா பாட்டி என்றால், அவர்களிடம் மறைந்திருந்த ஒரே பழுது இரண்டு வழியாகவும் வந்து சேரும் வாய்ப்பு கூடுகிறது. அதனால்தான் மாமன் மகள், அத்தை மகன் கல்யாணங்களில் ஃப்ரீட்ரைக் போன்ற மறைந்து வரும் நோய்களுக்கு வாய்ப்பு அதிகம் என்கிறார்கள். பெரும்பாலான பிள்ளைகள் நன்றாகத்தான் பிறக்கிறார்கள். இரண்டு பக்கமும் யாருக்காவது இளம் வயதில் நடை தடுமாற்றம், பார்வை போனது, இதயக் கோளாறு இருந்ததா என்று பெரியவர்களிடம் கேட்டு எழுதி வையுங்கள். அந்தத் தாளை டாக்டரிடம் காட்டுங்கள். செலவில்லாத பரிசோதனை அது. வயதான எங்களுக்கும் அதில் ஒரு கடமை இருக்கிறது. தெரிந்ததை மறைக்காமல் சொல்ல வேண்டும்.